சிரப்புக்குச் சர்க்கரைதான் காவல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் வலிக்கான மேலைநாட்டு மூலிகை சிரப்புகள் பற்றித் தங்கள் மகளிர் இணைப்பில் வந்த கட்டுரையில், ‘தேவையான அளவு தேன்’ என்று செய்முறையை முடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் பாட்டில் முழுக்கக் கெட்டுப்போகும். சிரப்பைக் காப்பதே சர்க்கரையின் அளவுதான்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வலிக்கென்று வழிவழியாகக் கொடுப்பது வைபர்னம் ஓபுலஸ் என்ற புதர்ச்செடியின் பட்டையை. ‘கிராம்ப் பார்க்’ என்ற பெயரில் விற்கிறார்கள். பெரிய ஆய்வுகளின் பலம் அதற்கு இல்லை, அனுபவ மருந்துதான். உலர்ந்த பட்டை 30 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 600 மி.லி. தண்ணீரில் சிறுதீயில் பாதியாகச் சுண்டவைத்து வடிகட்ட வேண்டும். அந்த 300 மி.லி. கசாயத்துக்கு 600 கிராம் சர்க்கரை. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருந்தால்தான் கிருமிகள் வளரத் தண்ணீர் கிடைக்காது. குறைந்தால் புளித்து நுரைக்கும். கூடினால் அடியில் கற்கண்டாகக் கட்டும். சர்க்கரை போட்ட பிறகு கொதிக்கவிடாமல், கரைந்ததும் இறக்கிவிட வேண்டும்.

பலர் கோட்டை விடுவது பாட்டிலில் ஊற்றும்போது. சூட்டோடு மூடினால் ஆவி மூடியின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். மேல்மட்டம் மட்டும் நீர்த்துப்போய், பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகு, ஈரமே இல்லாத பாட்டிலில் அடைக்க வேண்டும். கசாயமும் தேனும் எடையில் சரிபாதி கலந்தால் சர்க்கரை 40 சதவீதத்திலேயே நின்றுவிடும். அதை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

முறைப்படி செய்த சிரப்பில் ஒரு வேளைக்கான 15 மி.லி.க்குச் சுமார் 13 கிராம் சர்க்கரை. மூன்று வேளைக்கு 40 கிராம். சர்க்கரை நோயோ பிசிஓஎஸ்ஸோ (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு இது ஆகாது.

பெண்களுக்கென்று அமெரிக்காவில் விற்ற லிடியா பிங்காமின் மூலிகை டானிக்கைக் கட்டுரை புகழ்ந்திருந்தது. 1875-இல் மாசசூசெட்ஸின் லின் நகரிலிருந்து விற்பனைக்கு வந்த அதில் நம் வெந்தயமும் சேர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் ‘லைஃப் ரூட்’ எனும் செனிசியோ ஆரியஸ் செடியும் இருந்தது. அதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் எனும் நச்சுப்பொருள்கள் கல்லீரலைக் கெடுப்பவை. போதாததற்குச் சுமார் 18 சதவீதம் ஆல்கஹால் வேறு. 1906-இல் உணவு, மருந்துச் சட்டம் வந்த பிறகே அமெரிக்காவில் அந்த அளவை லேபிளில் போட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அந்தப் பழைய குறிப்பைப் பார்த்து யாரும் வீட்டில் செய்ய வேண்டாம்.

நின்ற மாதவிலக்கை வரவழைக்கும் என்று பழைய ஆங்கில மூலிகைக் குறிப்புகள் சொல்லும் பென்னிராயல் எனும் புதினா வகைச் செடி இன்னும் ஆபத்து. அதன் எண்ணெய் கல்லீரலையே சிதைக்கும். 1978-இல் கொலராடோவில் அதைக் குடித்த இளம்பெண் இறந்தே போனார். நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஏழு நாளைக்கு மேல் உதிரம் போனாலோ, மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, எந்த சிரப்பும் வேண்டாம். ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கோவை