சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்த போர்டு

சங்கரன்கோவில்
23-11-2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. பெரியத்தை வீட்டுப் பால்காய்ப்பு தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது; காரணம் உனக்கே தெரியும். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்ப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய், நானும் குடுத்துவிடுகிறேன். அதனால்தான் தாளை எடுத்து உட்கார்ந்தேன். நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதற்கு அப்புறம் உனக்கு இப்போதுதான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நீ வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்து ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போனார். ஆர்டர் நெருக்கடி, உன் அட்டைப்பெட்டி யூனிட்டை விட்டு நீ நகர முடியவில்லை என்றார். நெருக்கடி என்றால் சந்தோஷம்தான். ஆனால் நான் பேப்பரில் படிப்பது வேறாக இருக்கிறது. ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி. பனியன் கப்பல் ஏறினால்தானே அதற்கு அட்டைப்பெட்டி வேண்டும்? இதை மாப்பிள்ளையிடம் கேட்க வாய் வரவில்லை. அவரும் சாப்பாட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தார்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை நான் பல்லடம் வந்தேன் அல்லவா. நீ டீ வாங்கப் போனபோது யூனிட்டுக்குள் சும்மா நடந்தேன். கிராஃப்ட் பேப்பர் ரீலுக்குப் பின்னால் உன் போர்டு சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தது. யூனிட் பெயர், கீழே பேங்க் பெயர், அதற்கும் கீழே பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று மஞ்சள் எழுத்தில் எழுதின அதே தகர போர்டு. திறப்பு விழாவன்று ஏணியில் ஏறி அதை மாட்டியது நான்தான். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், விரலில் தூசி ஒட்டியது. கழற்றிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். நீ டீயோடு வந்துவிட்டாய். நானும் மழையைப் பற்றிப் பேசினேன்.

பெயிண்ட் அடிக்கக் கழற்றியிருப்பாய். அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2023 மே மாதம் உனக்குக் கடன் வந்தது. திட்ட மதிப்பு 20 லட்சம். பெண் பிள்ளை என்பதால் உன் கைப்பணம் 5 சதவீதம், 1 லட்சம். யூனிட் கிராமப் பஞ்சாயத்தில் இருப்பதால் மானியம் 35 சதவீதம், 7 லட்சம். டவுனுக்குள் போட்டிருந்தால் 25-தான் கிடைத்திருக்கும். அந்த ஷெட்டைத் தேடி நீ எத்தனை ஊர் அலைந்தாய் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நிலம் வாங்க அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பதை எல்லாருக்கும் முன்னால் படித்துவிட்டு வந்து எனக்கே விளக்கினாய். மாவட்டத் தொழில் மையத்தில் உன்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டபோது, பசைமாவு கிலோ எத்தனை பெட்டிக்கு வரும் என்று காகிதம் பார்க்காமல் சொன்னாயாமே. மாப்பிள்ளை சொன்னார். நான் இங்கே பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அந்த 7 லட்சம் உன் கையில் கொடுத்த பணம் இல்லை என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பேங்கிலேயே உன் பெயரில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கிறது. அதற்கு வட்டி வராது, கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். யூனிட் ஓடுகிறது என்று வந்து பார்த்த பிறகுதான் அது கடனில் கழியும். அடுத்த மே மாதம் மூன்று வருடம். இன்னும் ஆறே மாதம்தான் பாப்பா.

அதனால் தவணையை மட்டும் விட்டுவிடாதே. ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம். 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன் என்று எழுதுவார்கள். அந்த 90 நாளைத் தாண்டவிடாதே. எனக்கும் பேங்க் விவகாரம் கொஞ்சம் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்றும் படித்து வைத்திருக்கிறேன். சிறு தொழில்களை நொடியாமல் தூக்கிவிட 2015-ல் மத்திய அரசு ஒரு வழிமுறை கொண்டுவந்தது. அடுத்த வருடம் ரிசர்வ் பேங்க் அதையே எல்லா பேங்குக்கும் அனுப்பியது. 25 கோடி வரை கடன் உள்ளவர்களுக்குப் பொருந்தும். தொழில் சறுக்கும்போல் இருக்கிறது என்று நமக்கே பட்டால், அவர்கள் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் நாமே எழுதிக் கொடுக்கலாம். அதற்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது. தவணையைத் தள்ளி வைப்பதா, மாற்றி அமைப்பதா என்று அவர்கள் பார்ப்பார்கள். நாமே போய்ச் சொல்வதில் ஒரு மானக்கேடும் இல்லை. உன் திட்டத்தின் விதியிலேயே ஒன்று இருக்கிறது: மூன்று வருடத்துக்குள் கடன் கெட்டுப்போனாலும், கடன் வாங்கினவர் கைமீறிய காரணம் என்றால், அந்த மானியத்தைக் கடனிலேயே கழித்துக்கொள்வார்கள். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். எங்கேயோ ஒருத்தர் போட்ட வரிக்குப் பல்லடத்தில் பெட்டி அடிக்கிற பெண் என்ன செய்ய முடியும்? அது கைமீறிய காரணம்தான். யாரிடமும் தைரியமாகச் சொல்லலாம். 90 நாள், மறந்துவிடாதே.

ஆனால் கைமீறியது வேறு, கையால் செய்தது வேறு.

பாப்பா, நான் போர்டை மட்டும் பார்க்கவில்லை. ஸ்டிச்சிங் மெஷின் இரண்டு இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றதன் இடத்தில் சிமெண்டுத் தரையில் நாலு போல்ட் ஓட்டை. அதைச் சுற்றி மெஷின் கால் அளவுக்குத் தரை வெள்ளையாக இருந்தது. ரிப்பேருக்குப் போயிருந்தால் நீயே சொல்லியிருப்பாய், மோட்டார் புகைந்ததைக்கூடச் சொல்கிற பிள்ளை நீ. கடனில் வாங்கின மெஷின் கடன் தீருகிறவரை பேங்குக்கு ஈடு. அவர்களிடம் எழுதி வாங்காமல் அதை விற்கக்கூடாது. ஆள் கூலிக்குத்தான் கொடுத்திருப்பாய், வேறெதற்கும் நீ கொடுக்க மாட்டாய். அந்த வடநாட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும் ஊருக்கு அனுப்ப மனசு வந்திருக்காது. எனக்குத் தெரியும்.

ஆய்வுக்கு வருகிற அன்றைக்குப் பக்கத்து யூனிட்டிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது உனக்கு யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதே. ஏன் சொல்கிறேன் என்றால், அதை நான் செய்திருக்கிறேன்.

குளத்தடி வயல் போனது பேங்க்காரனால் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். லஞ்சம் கேட்டார்கள், பாதிப் பணம்தான் கொடுத்தார்கள், முழு வட்டியும் பிடுங்கினார்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. 1996-ல் நான் வாங்கினது பிரதமரின் ரோஜ்கார் யோஜனாக் கடன். 1993 காந்தி ஜெயந்தியன்று ஆரம்பித்த திட்டம். படித்துவிட்டு வேலை இல்லாதவர்களுக்கு 1 லட்சம் வரை தொழில் வைக்கலாம், மானியம் 15 சதவீதம், அதிகபட்சம் 7,500 ரூபாய். நாலு தையல் மெஷின் போட்டு ரெடிமேட் தைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். 95 ஆயிரம் சாங்ஷன் ஆனது. யாரும் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. பேங்கில் இருந்தவர் என் கையைக் குலுக்கினார்.

செக் மெஷின் கடைக்காரர் பெயருக்குப் போனது. அவர் 5 ஆயிரம் எடுத்துக்கொண்டு மீதியை எனக்கு ரொக்கமாகக் கொடுத்தார். அப்போது அது ஊரில் எல்லாரும் செய்கிற காரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பணத்தில்தான் சின்னத்தை கல்யாணம் நடந்தது. அவளுக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் சிநேகிதன் வீட்டிலிருந்து இரண்டு மெஷினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து முன்னறையில் போட்டேன். அவன் அப்பா பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. அதன்மேல் லோன் நம்பர் எழுதின காகிதத்தைச் சோற்றுப்பசையால் ஒட்டினேன். வந்தவர் வயசானவர். ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். ஊசி ஏறி இறங்கியது. ஊசியில் நூல் இல்லை. தரையில் ஒரு துணித்துண்டுகூடக் கிடக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தார். அப்போது உனக்கு இரண்டு வயது, அந்தக் காகிதத்தின் ஓரத்தை உரித்துக்கொண்டு நின்றாய். "பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டார். அப்புறம் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் அந்த மாதமே ஒரு மெஷினாவது வாங்கிப் போட்டிருப்பேனோ என்னவோ.

ஏழு வருடம் நோட்டீஸ் வந்தது. 2003-ல் வயலைக் கொடுத்துக் கட்டினேன். அம்மாவுக்கு மட்டும்தான் இது தெரியும். அவள் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் வாங்கின அந்தத் திட்டத்தையும் இன்னொரு திட்டத்தையும் சேர்த்துத்தான் 2008-ல் உன்னுடையதை ஆரம்பித்தார்கள். நீ விண்ணப்பம் போட்ட அன்றைக்கு அதைப் படித்துவிட்டுத்தான் "கவர்மெண்டுக் கடன் குடும்பத்தைக் கெடுக்கும்" என்று கத்தினேன். கெடுத்தது நான். நீ அந்த 1 லட்சத்துக்கு அம்மாவின் ரெட்டைவடத்தை அடகு வைக்கும்படி ஆனது. பணம் அன்றைக்கு என்னிடம் இருந்தது பாப்பா. இருந்தும் கொடுக்கவில்லை. நீ ஜெயித்துவிட்டால் நான் இத்தனை வருடம் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

நீ இப்போது எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாய் என்றால், அதுவும் என்னிடம் கற்றதுதான்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். 30-ஆம் தேதி காலையில் அங்கே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் இருக்க மாட்டார்கள். அம்மாவிடம் மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை. ரெட்டைவடத்தை மீட்க நான் வைத்திருக்கும் பணத்தைக் கொண்டுவருகிறேன். அதை மெஷினுக்குப் போடுவதா, தவணைக்குப் போடுவதா என்று நீ சொல். திங்கட்கிழமை பேங்குக்கு நீ போனால் நான் கூட வருகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீ எனக்கு எதையும் வாயால் சொல்ல வேண்டாம். லோன் ஸ்டேட்மெண்டை மட்டும் மேஜைமேல் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா