காத்திருந்தவருக்கும் கூலி கொடுங்கள்

கொங்குப் பகுதிக் கல்லூரிகளின் பொருளியல், உளவியல் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

இணையவழியில் குழு நடத்தை ஆய்வு நடத்த முன்வரும் உங்களிடம் ஒரு கோரிக்கை. ஆய்வுக்காக நடத்தும் ஆட்டம் பாதியில் நின்றால், கடைசிவரை இருந்தவர்களுக்குப் பணம் கொடுங்கள்.

மக்கள் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள் என்று பார்க்கும் பொதுநிதி ஆட்டம் உங்களுக்குப் பழக்கமானதுதான். நால்வர், ஆளுக்கு 20 புள்ளி. பொதுவில் போடுவது 1.6 மடங்காகி நால்வருக்கும் சமமாகத் திரும்பும். எல்லாரும் முழுதாகப் போட்டால் ஆளுக்கு 32. ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் அவருக்கு 44, மற்றவர்களுக்கு 24. ஓட்ரீ போன்ற மென்பொருள்கள் வந்தபின் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பெருந்துறைக்காரரையும் காங்கேயத்துக்காரரையும் கைப்பேசி வழியாகவே ஒரு குழுவாக்கலாம். ஆனால் ஒருவருக்கு சிக்னல் போனால் மற்ற மூவரின் திரையும் நின்றுவிடும்.

அந்தத் திரையை நான் பார்த்தேன். சென்னிமலையில் தறி ஓட்டும் என் அத்தை மகன், தறியை நிறுத்திவிட்டு ஓர் ஆய்வில் கலந்துகொண்டான். 'மற்றவர்களுக்காகக் காத்திருக்கவும்' என்ற வரி, கீழே சுழலும் வட்டம். நெடுநேரம் கழித்து 'குழு கலைந்தது, நன்றி' என்று வந்தது. பணம் வரவில்லை. "விட்டுப் போனது எவரோ, கூலி போனது எனக்கா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

போனவரின் இடத்தில் கணினியை ஆடவிடுவதும் உண்டு. சொல்லிச் செய்தால் தவறில்லை. சொல்லாமல் செய்வது ஏமாற்று. பங்கேற்பவரை ஏமாற்றக் கூடாது என்பது சோதனைப் பொருளியலில் ஊன்றிய மரபு. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த ஆய்வில் எதை நம்பிப் பொதுவில் போடுவார்? உங்கள் தரவும் அங்கேயே கெட்டது.

கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கரும் ஒரே போகத்தில் நனைவதில்லை. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தன் முறை எப்போது என்பது முன்கூட்டியே தெரிவதால்தான் விவசாயி பொறுத்திருக்கிறார். அப்படிப்பட்ட மக்களிடம் ஒத்துழைப்பைச் சோதிக்க வருகிறவர்கள் தங்கள் முறையையும் முதலிலேயே சொல்ல வேண்டாமா?

எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், குழு கலைந்தால் எவ்வளவு கிடைக்கும், கணினி ஆடுமா என்பதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதுங்கள். காத்திருப்புக் கூலியை ஆய்வு நிதிக்கான விண்ணப்பத்திலேயே தனிச் செலவாகக் கேளுங்கள்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பணம் வரவே வராது.

இப்படிக்கு,
சென்னிமலை வாசகர் ஒருவர்