ஆறு, மூன்று, ஒன்று: சுமதிக்கு ஒரு கடிதம்

அன்பு சுமதி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்டு மைண்டராக நீயும் பதிவு செய்யப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் ஆறு குழந்தைகளை வைத்து நீ போட்டிருக்கும் வருமானக் கணக்கைப் பார்த்ததும் உடனே எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆறை நம்பி எதையும் முடிவு செய்துவிடாதே.

இங்கிலாந்தில் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்கு உட்பட்ட ஆறு பேர் வரை பார்க்கலாம், அது சரிதான். அந்த ஆறில் சின்னப் பிள்ளைகள் மூன்று பேர்தான், அந்த மூன்றிலும் ஒரு வயது நிறையாதது ஒன்றே ஒன்று. பகல் முழுக்க உன் வீட்டில் இருக்கப் போவது அந்த மூன்று பேர். மிச்ச இடமெல்லாம் காலையில் கொஞ்ச நேரம், பள்ளி விட்டபின் கொஞ்ச நேரம், விடுமுறையில் நாள் முழுக்க என்று வந்து போகிற பிள்ளைகளுக்கு. அதனால் வருமானத்தை மூன்றை வைத்துப் போடு, மேலே வருவது வரட்டும். அப்புறம், உன் சின்னவனை மறந்துவிட்டாய். அவனுக்கு எட்டு வயது ஆகும்வரை, வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவனும் அந்த ஆறில் ஒருவன். பள்ளியில் இருக்கும்போது சேர்க்க வேண்டாம், காய்ச்சல் என்று பாதி நாளில் திருப்பி அனுப்பிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து சேர்க்க வேண்டும்.

எல்லோரும் குழம்புகிற இடம் இந்தச் 'சின்னப் பிள்ளை'தான். ஐந்து வயது முடிந்தால் போதும் என்று நினைப்போம். அப்படி இல்லை, ஐந்தாவது பிறந்தநாளுக்கு அப்புறம் வரும் செப்டம்பர் 1 வரைக்கும் அது சின்னப் பிள்ளைதான். அக்டோபரில் ஐந்து முடித்த குழந்தை கிட்டத்தட்ட இன்னொரு வருடம் அந்தக் கணக்கிலேயே இருக்கும். நல்லவேளை, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கு முன்னும் பின்னும் அல்லது விடுமுறையில் மட்டும் வருகிறார்கள் என்றால், மற்ற மூன்று சின்னப் பிள்ளைகளோடு சேர்த்து அவர்களையும் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் ஆறைத் தாண்டக் கூடாது, அதில் மாற்றமே இல்லை. கைக்குழந்தையின் இடம் மட்டும் முதல் பிறந்தநாளன்றே காலியாகிவிடும். ஆகவே யாராவது இடம் கேட்டால் நான் முதலில் கேட்பது பிறந்த தேதி, அதற்குப் பிறகுதான் பெயர்கூட.

'ஒரே நேரத்தில்' என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. பாதி நாள் வரும் இரண்டு பிள்ளைகளை ஒரே இடத்தில் பொருத்துவது நல்ல வழிதான், நானும் செய்கிறேன். ஒன்று பகல் ஒரு மணிக்குப் போகிறது, இன்னொன்று ஒரு மணிக்கு வருகிறது என்று எழுதிவைத்தால் காகிதத்தில் அழகாக இருக்கும். முதல் குழந்தையின் அப்பா கால் மணி நேரம் தாமதித்தால் அந்தக் கால் மணி நேரமும் உன்னிடம் நான்கு சின்னப் பிள்ளைகள், தப்பு உன் தலையில். இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது விடு, தாமதமானால் என்ன செய்வாய் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு. வருகைப் பதிவில் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அப்போதைக்கப்போது எழுது. மாலையில் நினைவிலிருந்து எழுதுவது வேலைக்கு ஆகாது.

கைக்குழந்தைக்கு இடம் கேட்டுத்தான் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். 2025 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒன்பது மாதக் குழந்தை முதலே வாரம் 30 மணி நேரத்துக்கு அரசு உதவி கிடைக்கிறது (வருடத்தில் 38 வாரம்). கேட்கிறவர்கள் கூடினார்கள், என் கையில் இருப்பது அதே ஒரு இடம். விதிவிலக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை: இரட்டைக் குழந்தைகள், உனக்கே ஒரு குழந்தை பிறப்பது, ஏற்கெனவே உன்னிடம் இருக்கும் பிள்ளையைத் தொடர்ந்து பார்ப்பது, இப்படி. எல்லாப் பிள்ளைகளின் தேவையும் நிறைவேறுகிறது என்று பெற்றோருக்கும், நம்மைச் சோதிக்க வரும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளருக்கும் நீ காட்ட வேண்டும், அவ்வளவுதான். முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால் சிலர் இதைக் காலியிடம் நிரப்புகிற வழியாகவே வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. என்னிடம் இருக்கும் குழந்தைக்குத் தம்பியோ தங்கையோ பிறந்தால் யோசிப்பேன், புதிதாக வருகிறவர்களுக்கு முடியாது என்பேன். கண் கலங்கிப் போன அம்மாக்கள் உண்டு. சட்டத்தைக் காட்டித் தப்பிக்காமல் "என்னால் முடியாது" என்றே சொல்லிப் பழகிக்கொள், இல்லையென்றால் அந்த விதிவிலக்கை அவர்களே படித்துவிட்டுத் திரும்ப வருவார்கள்.

இன்னொன்று, சட்டம் விடுகிற எண்ணிக்கையும் உன்னால் முடிகிற எண்ணிக்கையும் வேறு. பிள்ளைகள் சாப்பிடும்போது உன் கண்ணும் காதும் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும், அது விதி. அந்த நேரம் பார்த்துத்தான் மாடியில் தூங்கும் குழந்தை எழுந்து அழும். பள்ளியிலிருந்து பெரியவர்களை அழைத்துவரக் கிளம்பினால் சின்னவர்கள் அத்தனை பேரும் கூடவே வர வேண்டும், மழையானாலும். காரில் போனால் எல்லோருக்கும் சீட் வேண்டும். இதையெல்லாம் பார்த்துத்தான் மாலையில் ஐந்தோடு நிறுத்திவிட்டேன். எட்டு வயது தாண்டியவர்கள் ஆறில் சேர மாட்டார்கள் என்று பெரிய பையன்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களால் சின்னவர்களுக்குக் குறை வரக் கூடாது என்றும் அதே விதியில்தான் இருக்கிறது.

உதவியாளர் வைத்தால் அவருக்கும் தனியாக இதே கணக்கு உண்டு, அதனால் ஆட்கள் கூடினால் இடமும் கூடும். ஆனால் அவரிடம் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு நீ வெளியே போவது பெற்றோர் சம்மதத்தோடு நாளில் இரண்டு மணி நேரம்தான், குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியும் அவருக்கு இருக்க வேண்டும். சம்பளம் போக என்ன மிஞ்சுகிறது என்று நான் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரிவரவில்லை. உன் வீடு பெரியது, உனக்குச் சரிவரலாம்.

என்னுடைய வாரக் கால அட்டவணையைப் பெயர்கள் இல்லாமல் அனுப்புகிறேன், அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டது. உன் சின்னவனை முதலில் அதில் எழுதிவிட்டு, மிச்சம் எத்தனை கட்டம் காலி என்று பார்த்து எனக்கு எழுது, கட்டணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
கீதா