ஐயாவைப் பற்றி நீ எழுதியது

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோசம்.

ஐயாவுக்கு மறதி கூடுகிறது என்று எழுதியிருந்தாய். எண்பது வயதில் அறளை பெயர்வது, அதாவது புத்தி தடுமாறுவது, வழமைதானே என்று ஊரில் சொல்கிறார்களாம். நீ அப்படி விட்டுவிடாதே. திறப்பை வைத்த இடம் மறப்பது எனக்கும் உனக்கும் உள்ளதுதான். அம்மாவிடம் நாங்கள் கண்டது வேறு. ஆயுள் முழுக்கச் சொதி வைத்தவர், தேங்காய்ப்பாலும் கையுமாக, அடுத்தது என்ன என்று தெரியாமல் அடுப்படியில் நின்றார். பிறகு, வேலைக்கு வரும் பிள்ளை சங்கிலியை எடுத்துவிட்டது என்று ஒரே சண்டை. சங்கிலி அரிசி வாளிக்குள் கிடந்தது. வைத்தியர் மணிக்கூடு ஒன்றைக் கீறச் சொன்னபோது எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்தன. அல்சைமர் என்றார், ஞாபகத்தை மெல்ல மெல்ல அழிக்கிற மூளை நோய்.

ஆனால் அம்மாவிடம் 1958 கலவரத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போன கதையைக் கேட்டுப் பார், ஒன்றும் பிசகாது. புதிதாகப் பதிகிற ஞாபகம்தான் முதலில் போகும். பழையது கனகாலம் நிற்கும். அதனால் வந்து போகிற சொந்தக்காரர், "நல்லாத்தானே கதைக்கிறா" என்று எங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்!

முதலில் ஐயாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்வி. தைரொய்ட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் இதே கோலத்தைக் காட்டும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது. தடிமனுக்குப் பிரிற்றன் குளிசை போடுகிறவர் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல், வயதானவர்களை அது குழப்பும். இரண்டொரு நாளில் திடீரென்று தடுமாறினால் சலத்தில் கிருமியாகவும் இருக்கலாம், உடனே காட்டு.

பின்னேரங்கள்தான் கஷ்டம். "வீட்ட போவம்" என்று அம்மா சேலை மாற்றிக்கொண்டு நிற்பார். அவர் சொல்கிற வீடு யாழ்ப்பாணத்தில். கொழும்பில் இந்த வெள்ளவத்தை பிளட்தான் வீடு என்று வாதாடினால் இரவு நித்திரை இல்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம் மாமி" என்று மனைவி சொன்னால் அடங்கிவிடுவார். எனக்கு அவளுடைய பொறுமையில் பாதிதான்.

அப்புறம், ஐயா தெளிவாக இருக்கும்போதே காணி உறுதி, வங்கிக் கணக்கு பற்றி அவருடைய விருப்பத்தைக் கேட்டு ஒழுங்கு செய். பிறகு கையெழுத்தே பிரச்சினையாகும்.

இங்கே ஒரு வைத்தியரிடம் காட்டுவதென்றால் கூட்டிக்கொண்டு வா, முன்னறை சும்மாதான் கிடக்கிறது. பரிசோதனை முடிவு வந்ததும் போன் எடு.

அன்புடன்,
உன் மச்சான்