சான்டா குரூஸ் மலையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

தனித்தனியாகத்தான் எழுத நினைத்தோம். ஆனால் எங்களுக்கு உதவியவர்களில் பாதிப் பேரின் பெயரே தெரியவில்லை. அதனால் இந்தப் பொதுக் கடிதம். கலிபோர்னியாவில் எங்கள் சான்டா குரூஸ் மலையில் ஆகஸ்டில் மின்னலால் பற்றிய காட்டுத்தீ, செப்டம்பர் 22-ஆம் தேதி முழுவதும் கட்டுக்குள் வந்துவிட்டது. இந்த மலையூரான போல்டர் கிரீக்கில் எங்கள் வீடு நிற்கிறது. இந்த மலையில் வீடும் கொட்டகையுமாக 1,490 கட்டடங்கள் போய்விட்டன, ஓர் உயிரும் போனது. எங்கள் சாலையிலேயே வீடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதைக் கொண்டாட்டமாக எழுத மனம் வரவில்லை.

முதல் நன்றி வானிலை ஆய்வு மையத்தில் இரவுப்பணி பார்த்தவர்களுக்கு. ஆகஸ்ட் 16, ஞாயிறு விடியற்காலையில் இடி எழுப்பியபோது, ஊர் நினைப்பில் நாங்கள் மழையைத்தான் எதிர்பார்த்தோம். இடி இடித்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடி வளர்ந்தவர்கள் அல்லவா! இங்கே துணி நனையவே இல்லை. ஃபாஸ்டோ என்ற புயலின் மிச்ச ஈரம் தெற்கிலிருந்து வந்து வெகு உயரத்தில் மேகமாகத் திரண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அனல்காற்று. பெய்த மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிட்டது. அப்படி ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, தரையை நோக்கிப் பாய்கிறது. மின்னல் தீ வைக்கிறது, அந்தக் காற்று ஊதிவிடுகிறது. காய்ந்து கிடக்கும் மலைக்கு வேறென்ன வேண்டும்? மூன்று நாளில் மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 11,000 மின்னல்கள் விழுந்ததாகச் சொன்னார்கள். தீ வேகமாகப் பரவும் வானிலை என்று அந்த மையத்தார் விடுக்கும் செங்கொடி எச்சரிக்கையைப் பத்தோடு பதினொன்றாகக் கடந்துபோகும் பழக்கம் இந்த வீட்டில் இனி இல்லை.

அடுத்து தீயணைப்பு வீரர்கள். கால் ஃபயர் என்ற மாநிலத் தீயணைப்புத் துறையைக் குறை சொல்பவர்கள் இங்கே உண்டு. "ஏன் சீக்கிரம் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். வீடு இழந்தவரின் கோபத்தோடு வாதாட முடியாது. ஆனால் ஒரே இரவில் மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் பற்றிக்கொண்டால் வண்டியும் ஆளும் எங்கிருந்து வரும்? வடக்கே நாப்பா பக்கம் ஒன்று, சான் ஹோசேவுக்குக் கிழக்கே மலைத்தொடரில் ஒன்று, இங்கே ஒன்று. எல்லாமே மின்னல் வைத்தவை. இங்கே முதல் இரண்டு நாள் ஆள் எளிதில் போக முடியாத சரிவுகளில் சின்னச் சின்னத் தீயாகத்தான் இருந்தது. 18-ஆம் தேதி காற்று திரும்பியதும் எல்லாம் ஒன்று சேர்ந்து இறங்கி வந்தது. அப்போது எங்கள் பள்ளத்தாக்கில் நின்றவர்களில் பலர் உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள். பகலில் தச்சு வேலையோ கடை வேலையோ பார்ப்பவர்கள். அவர்களுடைய வீடுகளும் இதே பள்ளத்தாக்கில்தான் இருந்தன. அவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

செவ்வாய் இரவு எங்கள் கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு: போனில் எச்சரிக்கை வருவதற்கு முன்பே உங்கள் குரல் வந்துவிட்டது. நாங்கள் ஆல்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, "பாஸ்போர்ட், மாத்திரை, கிளம்புங்கள்" என்று அதட்டினீர்கள். அந்த அதட்டல் தேவைப்பட்டது. ஒன்பதாம் நெடுஞ்சாலையில் சாம்பல் விழ, வண்டிகள் வரிசையாக ஊர்ந்தபோதும் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த முன்பின் தெரியாதவர்களுக்கும் நன்றி.

ஃப்ரீமான்ட் அக்கா, மாமா! கொரோனாவுக்குப் பயந்து வாசலில் பால் பாக்கெட்டைக்கூடத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் நான்கு பேரையும் ஒரு நாயையும் "உள்ளே வாங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டீர்கள். உங்கள் ஊருக்குக் கிழக்கே மலையும் எரிந்துகொண்டிருந்தது, ஜன்னல் திறக்க முடியாத புகை. அதற்குள்ளும் அம்மாவுக்குத் தனியாக உப்பு குறைத்துக் குழம்பு வைத்தீர்கள். சன்னிவேல், கூப்பர்டினோ நண்பர்கள் முறை வைத்துச் சாப்பாடும், எங்கேயும் கிடைக்காத என்95 முகக்கவசமும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனீர்கள். முகம் பார்த்து நன்றி சொல்லக்கூட விடவில்லை.

வாட்சன்வில் கண்காட்சித் திடலில் மலையிலிருந்து வந்த குதிரை, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் இடமும் தீவனமும் கொடுத்தவர்களே, எங்கள் எதிர்வீட்டு ஆடுகள் இளைக்காமல் திரும்பியிருக்கின்றன.

திரும்பி வந்த பிறகும் வேலை முடியவில்லை. மலைமேல் போட்டிருந்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்கள் மைல் கணக்கில் உருகிப்போயின. சில பகுதிகளில் குழாய் நீரில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது. காய்ச்சினாலும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குழாயைச் சரிசெய்தவர்களும், மின்கம்பம் நட்டவர்களும், தண்ணீர் கேன் சுமந்து வந்த இளைஞர்களும் எங்கள் கணக்கில் தீயணைப்பு வீரர்கள்தான்.

இனி மழைக்காலம். எரிந்த சரிவில் மழை வலுத்தால் மண்ணும் மரமும் சேர்ந்து வரும், மறுபடியும் வெளியேறச் சொல்லலாம் என்கிறார்கள். பை கட்டியே வைத்திருக்கிறோம். அக்கா, உங்கள் இட்லிப் பானையும் இரண்டு கம்பளியும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. மழை பிடிக்கும் முன் ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
போல்டர் கிரீக் குடும்பம்
அக்டோபர் 2020