தலைமைப் பயிற்சியை ஊராட்சிக்குக் கொண்டு வாருங்கள்

மதுரை மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

தலைமைப் பண்புப் பயிற்சி என்ற பெயரில் கல்லூரிகளில் இன்று நடப்பவை பெரும்பாலும் ஒருநாள் கருத்தரங்குகளே. வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு அவை பயன்படலாம். ஆனால் ஓர் ஊரின் வரவு செலவைப் படித்து, எந்தத் தெருவுக்குக் குடிநீர் எட்டவில்லை என்று கண்டறிந்து, அதைச் சபை நடுவே எழுந்து கேட்கும் திறனை அவை தருவதில்லை. ஊரின் வாழ்வையும் தொழிலையும் முன்னேற்ற வேண்டிய தலைவருக்கு முதலில் வேண்டியது அந்தத் திறன்தான்.

அதற்கான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. எங்கள் ஊருக்கு வந்த முகாமில் மாணவர்கள் கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்தார்கள், மரக்கன்றுகள் நட்டார்கள். அவர்களது உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் ஒருவர்கூட ஊராட்சிப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று, பாசன நீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சியிடம் கேட்கவில்லை. மகளிர் குழுக்கள் வாங்கிய கடன் எந்தத் தொழிலுக்குப் போனது என்று விசாரிக்கவில்லை. கேட்கும்படி அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. மறு ஆண்டு முகாம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஆகவே ஒவ்வோர் அணியும் இரண்டு ஆண்டுகளும் ஒரே ஊராட்சியில் பணியாற்றும்படி செய்ய வேண்டுகிறேன். இது புதிய யோசனை அன்று. தம் இறுதிக் காலத்தில் நம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்டே குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள ‘மாதர்’ என்னும் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்தார். அந்த மாணவர்கள் செய்ததை நம் மாணவர்களாலும் செய்ய முடியும்.

அப்படி ஆராயச் செல்பவர்கள் ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் செல்ல வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவி, ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை முறையாக இயங்க முடியாமல் கிடந்ததும், பட்டியல் இனத்தவரான மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் படுகொலை செய்யப்பட்டதும் நம் மாவட்டத்தில்தான். இந்த வரலாற்றை அறியாமலும், சாதி பிரித்த தெருக்களில் நடந்து பாராமலும் பயிற்சி பெறும் ஒருவர் ஊருக்குத் தலைவராக முடியாது. ஒரு தெருவுக்குத்தான் தலைவராவார்.

மாணவியருக்கு இப்பயிற்சி இன்னும் அவசரமானது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் சட்டப்படி கிடைத்திருக்கிறது. ஆனால் பல ஊர்களில் மனைவி பதவியில் இருக்க, நிர்வாகத்தைக் கணவர் நடத்துகிறார். போட்டியிடக் குறைந்தபட்ச வயது 21. இன்று இறுதியாண்டு படிக்கும் பெண், கணக்கு வாசிக்கத் தெரிந்தவராக வெளியேறினால், அடுத்த தேர்தலிலேயே அந்த நிலையை மாற்றத் தொடங்கலாம்.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. கிராம சபை கூடும் ஆறு நாட்களில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய இரண்டிலும் கல்லூரியில் கொடியேற்று விழா இருக்கும். அன்று இந்த மாணவர்களைக் கிராம சபைக்கு அனுப்பி, அந்த நேரத்தையும் 240 மணியில் சேர்த்துக் கொள்ளுங்கள். வெளியூர் மாணவர்கள் பார்வையாளராக அமர ஊராட்சியிடம் முன்னரே இசைவு பெறுங்கள். பதினெட்டு நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைத் தத்தம் ஊர்ச் சபையில் பேசப் பழக்குங்கள்.

மதுரை மாவட்டத்தில் 420 கிராம ஊராட்சிகள் உள்ளன. வரும் கல்வியாண்டில் ஒரு கல்லூரிக்கு ஓர் ஊராட்சி என்று தொடங்கினால் போதும். மாணவர்கள் எழுதும் அறிக்கையைக் கல்லூரி நூலகத்தில் வைப்பதற்கு முன்னால், அந்த ஊர்க் கிராம சபையில் அவர்களையே படிக்கச் செய்யுங்கள். தவறு இருந்தால் ஊரார் அங்கேயே திருத்துவார்கள்.

இப்படிக்கு,
ஊராட்சி மன்ற முன்னாள் உறுப்பினர்,
திருமங்கலம் வட்டம்