முதல் சிங்கிள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. வில்லிவாக்கத்தில் நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் டிவிக்காரனுக்கு முன்னால் மழையைச் சொல்லிவிடுகிறது.

போன வாரம் நீ அனுப்பிய இரண்டு படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் ஒரு ஊரின் பஸ் தடங்கள் எல்லாம் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி இருந்தன. இரண்டாவது படத்தில் சிக்கெடுத்து, அதோடு பாதி நூலையும் எடுத்திருந்தாய். "வண்டி அதே எண்ணிக்கைதாம்ப்பா, ஆனா மெயின் ரோட்ல 8 நிமிஷத்துக்கு ஒண்ணு" என்று கீழே ஒரு வரி. பெருமையாகத்தான் இருந்தது. 28 வருஷம் தோளில் பை மாட்டி விசில் ஊதியவனுடைய பிள்ளை, வேறு ஏதோ ஊரில் வண்டி எப்படி ஓட வேண்டும் என்று பெங்களூரில் உட்கார்ந்து சொல்கிறான். தெருமுனை டீக்கடையில் நாலு பேரிடம் காட்டினேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் நடுவில் நான் சத்தம் போடுவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் கடுதாசி.

ஒரே ரோட்டில் மூன்று தடம் எதற்கு, ஒன்று போதாதா என்கிறது உன் படம். நியாயமான கேள்வி. டெப்போ கேன்டீனில் நாங்களே கேட்டிருக்கிறோம். மூன்று தடத்து வண்டியும் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் அரைமணி நேரம் ரோடே காலி. முன்வண்டி கொஞ்சம் லேட்டானால் போதும், ஸ்டாப்பிங்கில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் ஏறி இறங்க இன்னும் லேட். பின்னால் வருகிறவன் ஏற்றிக்கொள்ள ஆளே இல்லாமல் காற்று வாங்கிக்கொண்டு வந்து முன்வண்டியின் பம்பரில் மூக்கை வைப்பான். இதைச் சீர்செய்ய உன் மாதிரி ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தடத்தை அது மற்ற வண்டியோடு சேர்ந்து ஓடும் இடத்தில் வைத்துப் பார்க்காதே, அது தனியாக ஓடும் வாலில் நின்று பார். 29சி பெரம்பூரில் கிளம்பிப் பெசன்ட் நகர் போகிறது. 23சி அயனாவரத்தில் கிளம்பி அதே பெசன்ட் நகர் போகிறது. அடையாறு சிக்னலில் நிற்கிறவனுக்கு எதற்கு இரண்டு என்றுதான் தோன்றும். அயனாவரத்தில் ஏறுகிற கிழவிக்கு அப்படித் தோன்றுமா? அவளுக்கு அது ஒன்றுதான் வண்டி. உன் படத்தில் நீ எடுத்த நூல்கள் முக்கால்வாசி இப்படிப்பட்ட வால்கள்தான் என்று எனக்குச் சந்தேகம். அங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும் சின்ன வண்டி விட்டிருக்கிறோம், மாறிக்கொள்ளலாம் என்பாய். மாறலாம்தான். நம்ம ஊரில் கண்டக்டர் கிழிக்கும் டிக்கெட் அந்த வண்டியோடு சரி, அடுத்த வண்டியில் மறுபடி முதல் ஸ்டேஜிலிருந்து காசு. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதா வண்டியில் காசில்லை. ஆனால் வெள்ளை போர்டு சாதா வண்டி ஓடிய நேரத்தில் காசு வாங்குகிற டீலக்ஸைப் போட்டுவிட்டால், அட்டவணையில் வண்டி குறையவே இல்லை, அந்த அம்மாவுக்கு மட்டும் வண்டி போய்விடும். வந்து நிற்கிற டீலக்ஸை விட்டுவிட்டு முன்பக்கம் பிங்க் அடித்த வண்டிக்காக அரைமணி நிற்பவர்களை எந்த ஸ்டாப்பிங்கிலும் பார்க்கலாம்.

காசை விடு. காத்திருக்கிற நிமிஷம், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற நிமிஷத்தைப் போல இரண்டு மடங்கு கனம் என்று உங்கள் கணக்கிலேயே உண்டு என்று நீதான் ஒருதரம் சொன்னாய். உன் அம்மாவின் முழங்காலுக்கு இரண்டு மடங்கு போதாது. உயரமான படியில் ஒருதரம் ஏறுகிற இடத்தில் இரண்டுதரம் ஏற வேண்டும்.

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரியும்.

2008, 2009 வாக்கில் எனக்குக் காலை டூட்டி. விடியலுக்கு முன்னால் முதல் சிங்கிளில் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு நடையைத்தான் சிங்கிள் என்போம்) கோயம்பேடு போய், அங்கிருந்து 4.55க்குத் திரும்புவோம். அந்தத் திரும்புகிற சிங்கிளில் ஏறுகிறவர்கள் எல்லாம் பூ மார்க்கெட்டிலிருந்து வருகிற பெண்கள்தான். பதினைந்து பேர், மிஞ்சினால் இருபது பேர். சாக்குமூட்டையில் மல்லி, ஈரத்துணி சுற்றிய சாமந்தி, தனியாகக் கையில் பிடித்த துளசிக்கட்டு. பின்படிக்கட்டுப் பக்கம் மூட்டையைப் போட்டுவிட்டு அதன் மேலேயே சாய்ந்து தூங்குவார்கள். வண்டி முழுக்க வாசனை. டிரைவர் அண்ணன், "நாமதான்யா ஊர்லயே சாமி ஊர்வலம் ஓட்றோம்" என்பார். அதில் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், சுருக்குப்பையிலிருந்து சரியான சில்லறையை முதல் ஸ்டாப்பிங்கிலேயே எடுத்து என் கையில் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். இறங்கி வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து கட்டி முடித்து, ஆறரைக்குச் சிவன் கோயில் வாசலில் கூடையை வைத்தாக வேண்டும். அலுவலகம் போகிறவர்கள் ஏழரைக்குள் வாங்கிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் விற்கிற முழத்துக்குப் பாதி விலைதான்.

மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும். நான் போடமாட்டேன். ஆளுக்கு 3 ரூபாய் டிக்கெட், அவ்வளவுதான். இருட்டில் போய்ப் பூ எடுத்து வருகிறவளிடம் மூட்டைக்கும் காசு கேட்க மனசு வராது. செக்கிங் ஏறினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் உண்டு, இருந்தாலும் போடவில்லை. தர்மம் பண்ணுகிற நினைப்பு வேறு.

ஒவ்வொரு சிங்கிள் முடிவிலும் டிக்கெட் நம்பர் எழுதிக் கணக்கை முடிப்போம். அந்த 4.55க்கு என் கணக்கில் 50 ரூபாய், 60 ரூபாய் என்றே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் புது டைம் ஷீட் வந்தது. 4.55 இல்லை. முதல் வண்டி 5.40. "கலெக்ஷன் இல்லாத சிங்கிள், டீசலுக்கே கட்டல" என்றார்கள். யார் மேலும் தப்பில்லை, தாளில் இருந்ததைப் பார்த்து எடுத்த முடிவு. அந்தத் தாளை எழுதியது நான். லக்கேஜுக்கு ஒழுங்காக டிக்கெட் கிழித்திருந்தால் அந்த சிங்கிளின் வசூல் எங்கேயோ போயிருக்கும். வெட்டியிருக்க மாட்டார்கள் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் இத்தனை வருஷமாக இதை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

முக்கால் மணி நேரம்தானே என்று உன் கம்ப்யூட்டர் சொல்லும். முதல் வாரம் அவர்கள் எல்லாரும் 5.40க்கு நின்றார்கள். அந்த அம்மா வண்டியிலேயே மூட்டையைப் பிரித்து, ஆடுகிற வண்டியில் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தாள். தூக்கம் போச்சு. இரண்டாவது வாரம் ஐந்தாறு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ பேசிக்கொண்டார்கள். ஆட்டோக்காரன் மூட்டைக்கும் சேர்த்து ஆளுக்கு 20 ரூபாய் வாங்கினான். அந்த அம்மா அதில் போகவில்லை. ஒரு மாசம் கழித்துக் கோயில் வாசலில் பார்த்தேன். பூவை விட்டுவிட்டு, ஓரமாக நின்று செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வண்டி சரியா போகுதா கண்டக்டரே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். நீ எடுத்துவிட்ட தடங்களில் ஆள் குறைவு என்று எந்தக் கணக்கைப் பார்த்துச் சொன்னாய்? இப்போது மெஷின் டிக்கெட் வந்துவிட்டது, காசில்லாமல் போகிற பெண்களுக்கும் டிக்கெட் உண்டு, எண்ணிக்கை பழையபடி தப்பாது என்பாய். சரி. ஆனால் ஏறினவர்களைத்தான் மெஷின் எண்ணும். 40 நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நடந்து போனவன் எந்த மெஷினிலும் இல்லை. அவன் போனதால் அடுத்த மாசக் கணக்கில் ஆள் இன்னும் குறையும், அதைக் காட்டி இன்னொரு சிங்கிளை எடுப்பார்கள். என் சர்வீஸில் மூன்று தடங்கள் இப்படி மெல்ல மெல்ல இளைத்துச் செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 8 நிமிஷத்துக்கு ஒரு வண்டி ஓடுகிற ரோட்டில் நீ நேரத்தை எப்படி மாற்றினாலும் ஒருவருக்கும் தெரியாது. மணிக்கு ஒன்று ஓடுகிற இடத்தில் 10 நிமிஷம் நகர்த்தினாலும் யாருடைய வீட்டிலாவது அடுப்பு மாறும். நாலு வீட்டில் வேலை செய்கிறவளுக்கு முதல் வீட்டுக்காரர்கள் எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார்கள். பத்து நிமிஷம் பிந்தினால் அந்த ஒரு வீடு போகும், சம்பளத்தில் கால் பங்கு போகும். அட்டவணை போடுகிறவர்கள் கூட்டமான நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். முதல் சிங்கிளும் கடைசி சிங்கிளும்தான் தொட்டால் உடைகிற சாமான்.

மாற்றமே கூடாது என்கிற கிழவனாக என்னை நினைத்துவிடாதே. 2002ல் வெளியூர் வண்டிகளை எல்லாம் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குக் கொண்டு போனபோது, "காட்டுல கொண்டு போய் வெச்சுட்டானுங்க" என்று என் வண்டியில் ஏறினவர்கள் திட்டாத திட்டில்லை. நானும் சேர்ந்து திட்டினேன். பத்து வருஷத்தில் கோயம்பேடுதான் ஊருக்கு நடு என்கிற மாதிரி ஆகிவிட்டது. 2023 டிசம்பர் 30ல் தாம்பரத்தைத் தாண்டிக் கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறந்தார்கள், ஜனவரியில் தெற்கே போகிற வண்டிகள் ஒவ்வொன்றாக அங்கே போயின. மறுபடி அதே திட்டு. தாம்பரம், கூடுவாஞ்சேரி ஆட்களைக் கேட்டுப் பார், வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்பார்கள். தீபாவளி ராத்திரியில் கோயம்பேட்டிலிருந்து பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் விடிந்துபோன கதை அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் திண்டிவனம் போக நமக்கு என்ன ஆயிற்று என்று கேள். முன்பெல்லாம் வீட்டிலிருந்து கோயம்பேடு ஒரு டவுன் பஸ், பத்து நிமிஷத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவோம். போன மாசம் உன் பெரியம்மாவைப் பார்க்கப் போனோம். வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கே ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம், தாம்பரத்தில் டவுன் பஸ், அப்புறம் கிளாம்பாக்கம். திண்டிவனம் வண்டியில் உட்காரும்போது கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. உன் அம்மா பார்க் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நீ இத்தனை வருஷம் ஓட்டின பஸ்ல ஒண்ணாவது நம்ம வீட்லேருந்து நேரா அங்க போகக் கூடாதா?" என்று என்னைக் கேட்கிறாள். நான் ஓட்டவே இல்லை, டிக்கெட்தான் கொடுத்தேன் என்றேன். அதற்கும் திட்டு.

பெரிய நிலையத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை. அங்கே போய்ச் சேருகிற சின்ன வண்டிகளை முதல் நாளே ஓட்டிவிட்டால் பாதி திட்டு குறையும், அதைத்தான் எல்லா ஊரிலும் கடைசியில் யோசிக்கிறார்கள். மெட்ரோ வேலை நடக்கிற இடங்களிலும் இதே கதைதான். ஆற்காடு ரோட்டிலும் மயிலாப்பூரிலும் எந்த ஸ்டாப்பிங் எங்கே போயிற்று என்று அங்கே இருக்கும் இளநீர்க்காரனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. செயலியில் போட்டாயிற்று என்பீர்கள். ஸ்டாப்பிங் கம்பத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், தமிழில், இரண்டு வாரம் முன்னால் ஒட்டு. கண்டக்டர்களிடம் சொல்லிவிடு. நாங்கள் சொன்னால் ஒரு வாரத்தில் ஊருக்கே தெரியும். எங்களுக்கே டூட்டிக்கு வந்த அன்றுதான் தெரியும் என்றால் என்ன செய்வது?

அடுத்த மாசம் நீ வருகிறாய் என்று அம்மா இப்போதே முறுக்குக்கு அரிசி ஊறவைக்கக் கணக்குப் போடுகிறாள். கோயம்பேடு வருகிற வண்டியாகப் பார்த்து ஏறு. விடியற்காலையில் இறங்கினதும் ஆட்டோ பிடிக்காதே, போனில் எதையும் புக் பண்ணாதே. வில்லிவாக்கத்துக்கு முதல் சிங்கிள் இப்போது எத்தனை மணிக்கு என்று டைம் கீப்பரிடம் கேட்டு உனக்கு எழுதுகிறேன். அதில் ஏறி வா. உட்கார இடம் இருந்தாலும் பின்படிக்கட்டுப் பக்கம் நின்றுகொள். மூட்டை ஏற்றினால் ஒரு கை கொடு. லக்கேஜ் டிக்கெட் போடுகிறாரா என்று பார்த்து வந்து சொல்.

இப்படிக்கு,
அப்பா